அலங்கரித்த மரம் ஆஸ்பத்திரிக்கு உதவிய கதை



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று இந்தப் பாடப் பக்கத்தில் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. கிறிஸ்துமஸ் மரத்தை அலங்கரித்து, அதை ஏலம் விட்டு, கிடைக்கும் பணத்தை நோயாளிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பெண்களைப் பற்றியது.

"நம்ம குழுவுக்கும் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். மரம் ஒரு சாக்குதான். பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கு உதவும்போது, கொடுத்த காசு முழுசாகப் போய்ச் சேருகிறதா? வாங்குகிறவர் மனசு நோகாமல் போய்ச் சேருகிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் அந்தப் பெண்கள் நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். அதைப் படிப்பதற்கு முன்னால், நாங்கள் செய்த ஒரு தப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் பட்ட பாடு

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் கூட்டமைப்பில் ஒரு உறுப்பினரின் மகனுக்குக் காலில் அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சைச் செலவு அரசுக் காப்பீட்டில் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம் நகரத்துக்குப் போய்வர வேண்டும். பஸ் செலவு, தங்கும் செலவு, சாப்பாடு, அம்மா வேலைக்குப் போகாததால் போன கூலி, இதற்கெல்லாம் காப்பீடு கிடையாது. "நாம இருக்கோம், பார்த்துக்கலாம்" என்று எல்லாரும் சொன்னோம். உதவி விழா என்று ஒன்று வைத்தோம்.

விழா நன்றாகத்தான் நடந்தது. பந்தல் போட்டோம், மைக் செட் கட்டினோம், பேனர் வைத்தோம், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டோம். வசூல் ரூ.18,400. எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் கணக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

பந்தல், நாற்காலி ரூ.3,200. மைக் செட் ரூ.1,800. சாப்பாடு ரூ.4,350. நோட்டீஸ், பேனர் ரூ.1,100. வண்டி வாடகை ரூ.800. மொத்தச் செலவு ரூ.11,250. மிச்சம் ரூ.7,150.

ஒருத்தரும் ஒரு பைசா தொடவில்லை. எல்லாத்துக்கும் ரசீது இருந்தது. ஆனாலும் ஊரில் கொடுத்த நூறு ரூபாயில் நாற்பது ரூபாய்கூடப் பையனுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொன்றும் நடந்தது. விழாவில் அந்தப் பையனை மேடைக்கு அழைத்து, கட்டுப் போட்ட காலோடு நிற்க வைத்துப் பேசினோம். பிறகு பணத்தைக் கொடுக்கப் போனபோது அவன் அம்மா சொன்னது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது: "எல்லாரும் நல்ல மனசோடத்தான் செஞ்சீங்க அக்கா. ஆனா எம்புள்ளைய மேடையில நிக்க வச்சது மட்டும் வேணாம்னு இருந்துச்சு."

அந்த வார்த்தைதான் எங்களை இந்தப் பாடத்தைத் தேட வைத்தது.

காசு காசாகச் சேர்ந்த ஆஸ்பத்திரி

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் யூட்டா என்று ஒரு மாநிலம். அதன் தலைநகரம் சால்ட் லேக் சிட்டி. பக்கத்தில் பெரிய உப்பு ஏரி இருப்பதால் அந்தப் பெயர். சுற்றிலும் மலை, டிசம்பரில் பனி கொட்டும்.

மார்மன் சபை என்று பொதுவாகச் சொல்லப்படும் ஒரு சபையின் மக்கள் அங்கே அதிகம். அந்தச் சபையில் குழந்தைகளுக்கான ஒரு சங்கம் இருந்தது. பெயர் பிரைமரி. அதை நடத்தியவர்கள் பெண்கள். நூறு வருடங்களுக்கு முன்பு அதன் பொறுப்பில் இருந்த லூயி ஃபெல்ட், மே ஆண்டர்சன் என்ற இரண்டு பெண்களும், கால் ஊனமான குழந்தைகளுக்கும் நோயில் படுத்த குழந்தைகளுக்கும் தனியாக ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று முயற்சி எடுத்தார்கள். 1922ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டியில் அந்த ஆஸ்பத்திரி தொடங்கியது.

அதை நடத்தப் பணம் எப்படி வந்தது தெரியுமா? குழந்தைகள் தங்கள் பிறந்தநாளுக்கு வயதுக்கு ஒரு காசு கொடுத்தார்கள். ஆறு வயது என்றால் ஆறு காசு. அங்கே நூறு காசு சேர்ந்தால் ஒரு டாலர். பிறகு, உயரத்துக்கு ஒரு காசு என்றும் வசூல் செய்தார்கள். 45 அங்குல உயரமுள்ள குழந்தை 45 காசு கொடுக்கும். 1952ஆம் ஆண்டு பெரிய கட்டடம் திறந்தபோது, அதற்கான செங்கல்லைக் குழந்தைகள் ஒன்று பத்துக் காசு என்று "வாங்கி"க் கொடுத்திருந்தார்கள்.

வாரம் பத்து ரூபாய் சேமித்து இன்று வங்கியில் லட்சக் கணக்கில் கடன் வாங்கும் நமக்கு இது புதுக் கதை இல்லை. சின்னக் காசு, நிறையப் பேர், விடாத பழக்கம். ஆஸ்பத்திரியும் அப்படித்தான் எழும்பியது, நம்ம குழுவும் அப்படித்தான் எழும்பியது.

1975ஆம் ஆண்டு அந்த ஆஸ்பத்திரியைச் சபை தன் கையில் வைத்துக்கொள்ளாமல், லாப நோக்கமில்லாத ஒரு மருத்துவ அமைப்பிடம் கொடுத்துவிட்டது. இன்று அது பிரைமரி சில்ட்ரன்ஸ் என்ற பெரிய குழந்தைகள் மருத்துவமனை. யூட்டாவிலிருந்து மட்டுமல்ல, ஐடஹோ, வயோமிங், நெவாடா, மொன்டானா என்று சுற்றியுள்ள மாநிலங்களிலிருந்தும் குழந்தைகள் வருகிறார்கள். பணம் கட்ட முடியாத குடும்பத்துக் குழந்தைக்கும் சிகிச்சை உண்டு. அந்த உதவிக்குப் பணம் தருகிற வழிகளில் ஒன்றுதான் நாம் இப்போது பார்க்கப் போகும் மரத் திருவிழா.

மரத் திருவிழா எப்படி நடக்கிறது?

1971ஆம் ஆண்டு இந்தத் திருவிழா தொடங்கியது. ஐம்பது வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து நடக்கிறது. 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் கூட்டம் கூட முடியாதபோதும் நிறுத்தவில்லை. இணையம் வழியாக நடத்தினார்கள். ஏற்பாடு செய்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அதிலும் முன்னால் நின்று நடத்துவது பெண்கள்தான்.

விழா நடப்பது நான்கைந்து நாள். வேலை நடப்பது வருடம் முழுக்க. நடைமுறையை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், மரம் கொடுக்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கிறார்கள். ஒரு குடும்பமாக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருக்கலாம், ஒரு தெருவாக இருக்கலாம், ஒரு கம்பெனியாக இருக்கலாம். மரம், விளக்கு, பொம்மை, ரிப்பன் எல்லாவற்றுக்கும் அவர்களே பணம் போடுகிறார்கள். மாதக் கணக்கில் வீட்டில் உட்கார்ந்து தைக்கிறார்கள், பின்னுகிறார்கள், வண்ணம் தீட்டுகிறார்கள்.

நவம்பர் நான்காவது வியாழன் அமெரிக்காவில் நன்றி சொல்லும் நாள். பெரும்பாலும் அதற்கு அடுத்த வாரத்தில் விழா. சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே சேண்டி என்ற ஊரில் உள்ள பெரிய கண்காட்சி மண்டபத்துக்கு எல்லாரும் பொருளோடு வந்து, அங்கேயே மரத்தை நிறுத்தி அலங்கரிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான மரங்கள் வரிசையாக நிற்கும்.

பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்பே மரங்கள் ஏலத்துக்கு வரும். கடையில் வாங்கும் விலையைவிடப் பல மடங்கு கொடுத்து எடுப்பவர்கள் உண்டு. "ஒரு மரத்துக்கு ஏன் இவ்வளவு?" என்று யோசிக்க வேண்டாம். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் ஏலம் போவதில்லையா? சர்ச்சில் அறுப்பின் பண்டிகையில் ஒரு தேங்காயைப் போட்டி போட்டு எடுப்பதில்லையா? எடுப்பவர் கணக்குப் பார்ப்பது பழத்தின் விலையை அல்ல. அங்கேயும் அதே மனசுதான்.

ஏலம் முடிந்த பிறகு பொதுமக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்க வருகிறார்கள். உள்ளே இனிப்புக் கடை, கைவினைப் பொருள் கடை, இஞ்சி கலந்த ரொட்டியில் செய்த பொம்மை வீடுகள், துணி ஒட்டித் தைத்த போர்வைகள், கதவில் மாட்டும் இலை வளையங்கள் என்று விற்பனை நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பாட்டு, நடனம் நடத்துகிறார்கள். விழா முடிந்ததும் மரத்தைக் கலைக்காமல் அப்படியே வாங்கியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கும் தொண்டர்கள்தான்.

கவனியுங்கள். மரம் வாங்கிய செலவு வசூலில் கழியவில்லை, அலங்கரித்தவரே போட்டார். ஆள் கூலி வசூலில் கழியவில்லை, தொண்டர்கள் செய்தார்கள். திரட்டிய காசு முழுவதும் ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கே என்று அவர்கள் துணிந்து சொல்ல முடிவதற்கு இதுதான் காரணம். நாங்கள் கோட்டை விட்டதும் சரியாக இந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு மரத்துக்குள்ளும் ஒரு பிள்ளை

இந்த விழாவின் உயிர் வேறொரு இடத்தில் இருக்கிறது. நிறைய மரங்கள் ஒரு குழந்தையின் நினைவாக வைக்கப்படுகின்றன. அந்த ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்த பிள்ளைக்காக நன்றி சொல்லி ஒரு குடும்பம் மரம் வைக்கும். பிழைக்காமல் போன பிள்ளையின் நினைவாக இன்னொரு குடும்பம் வைக்கும். பிள்ளைக்கு ரயில் பிடிக்கும் என்றால் மரம் முழுக்க ரயில் பொம்மை. பட்டாம்பூச்சி பிடிக்கும் என்றால் பட்டாம்பூச்சி. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பொம்மை செய்து கொடுப்பார்கள். சில சமயம், ஏலத்தில் மரத்தை எடுத்தவரே அதை அந்தக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஊர் என்ன செய்ய முடியும்? பக்கத்தில் உட்காரலாம். கையில் ஒரு வேலையைக் கொடுக்கலாம். அந்த வேலை இன்னொரு தாயின் பிள்ளைக்கு மருந்தாகப் போகலாம். அங்கே துக்கப்பட்டவளைப் பார்த்து யாரும் ஐயோ பாவம் சொல்வதில்லை. அவளே கொடுக்கிறவளாக நிற்கிறாள். எங்கள் மேடையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெட்கமாக இருந்தது.

விற்பனைக்கு மரம் அலங்கரிப்பது எப்படி?

கைவேலை தெரிந்த சகோதரிகள் இதைக் கட்டாயம் கேட்பீர்கள். கிறிஸ்துமஸ் மரம் என்பது ஃபிர், ஸ்ப்ரூஸ், பைன் போன்ற, பனியிலும் இலை உதிராத மரம். ஜெர்மனி நாட்டு வீடுகளில் தொடங்கிய பழக்கம். 1848ஆம் ஆண்டு விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேகமாகப் பரவியது. 1882ஆம் ஆண்டு நியூயார்க்கில் எட்வர்ட் ஜான்சன் என்பவர் முதன்முதலாக மின்சார பல்புகளை மரத்தில் கட்டினார். அதுவரை மெழுகுவர்த்திதான்.

விற்பனை மரம் என்றால் வீட்டு மரத்தைவிடக் கவனம் அதிகம் வேண்டும். வேலை செய்யும் வரிசை இதுதான்:

1. ஒரு மரத்துக்கு ஒரு கருத்து. கண்ணில் பட்டதையெல்லாம் தொங்கவிடக் கூடாது. இரண்டு மூன்று நிறம் போதும்.

2. முதலில் சீரியல் லைட். மரத்தில் சுற்றுவதற்கு முன்பே எல்லா பல்பும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். நடுத்தண்டை ஒட்டி உள்ளேயிருந்து வெளியே சுற்றி வர வேண்டும். ஒரு அடி உயரத்துக்கு நூறு சிறு பல்பு என்பது அங்கே சொல்லும் பொதுக் கணக்கு. ஏழடி மரத்துக்கு எழுநூறு பல்பு.

3. அடுத்து ரிப்பன், மணிச் சரம்.

4. பெரிய பொம்மைகள் கிளையின் உட்பக்கம், சிறியவை நுனியில். கனமானதை நுனியில் கட்டினால் கிளை தொங்கும்.

5. உச்சியில் நட்சத்திரம் அல்லது தேவதை. அடியில் தண்டை மறைக்கும் வட்டத் துணி.

6. ஒவ்வொரு பொம்மையையும் கம்பி வைத்து முறுக்கிக் கட்ட வேண்டும். வண்டியில் போகும்போது கழன்று விழுந்தால் வாங்கியவர் முகம் வாடிப்போகும்.

7. காய்ந்த மரம் சட்டென்று தீப்பிடிக்கும். ஒயர் கிழிந்திருக்கக் கூடாது. ஒரே பிளக்கில் அளவுக்கு மேல் சரம் மாட்டக் கூடாது. ஆள் இல்லாதபோது விளக்கை அணைக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. வெளிநாட்டு மரங்களில் தொங்கும் அலங்காரப் பொருள்களில் நம் நாட்டுக் கைவேலையும் இருக்கிறது. காஷ்மீரில் காகிதக் கூழில் செய்து வண்ணம் தீட்டிய உருண்டைகளும் மணிகளும் கிறிஸ்துமஸுக்காக ஏற்றுமதியாகின்றன. கைக்குத் தொழில் இருந்தால் பண்டிகை எந்த ஊரில் நடந்தாலும் வேலை உண்டு.

பெரிய மண்டபம் இல்லாமலும் செய்யலாம்

"அவங்க வசதியானவங்க, ஏலம் எடுப்பாங்க. நமக்கு யாரு எடுப்பா?" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. சின்ன அளவில் செய்யும் வழிகளும் இருக்கின்றன.

காசு ஓட்டு: இங்கிலாந்தில் பல ஊர்களில் சர்ச்சுக்குள் மரத் திருவிழா நடக்கிறது. லெஸ்டர்ஷயர் பகுதியில் மெல்டன் மோப்ரே என்ற ஊரின் செயின்ட் மேரீஸ் சர்ச்சில் நூற்றுக்கணக்கில் மரம் வைப்பார்கள். இப்படிப்பட்ட விழாக்களில் பள்ளிக்கூடம், கடைக்காரர்கள், மாதர் சங்கம் என்று ஆளுக்கு ஒரு சின்ன மரம். சில இடங்களில் மரத்தடியில் ஒரு டப்பா இருக்கும். பிடித்த மரத்தின் டப்பாவில் காசு போடுவதுதான் ஓட்டு. ஏழையும் ஓட்டுப் போடலாம், பணக்காரரும் போடலாம்.

நினைவு விளக்கு: கடைசிக் கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லங்கள் இங்கிலாந்தில் நிறைய உண்டு. டிசம்பரில் அவற்றின் வாசலில் ஒரு மரம் நிற்கும். இறந்துபோன அம்மா, அப்பா நினைவாகப் பணம் கொடுத்தால் அவர்கள் பெயரில் ஒரு விளக்கு எரியும்.

தேவதை மரம்: எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் என்ற ஊரில் இரட்சணிய சேனையைச் சேர்ந்த சார்லஸ் வொயிட், ஷெர்லி வொயிட் தம்பதி தொடங்கினார்கள். (நாகர்கோவிலில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி நடத்துவதும் இதே இரட்சணிய சேனைதான்.) ஏழைக் குழந்தைகளுக்கு என்ன தேவை என்று தேவதைப் படம் போட்ட அட்டைகளில் எழுதி, கடைகள் நிறைந்த வணிக வளாகத்தில் ஒரு மரத்தில் தொங்கவிட்டார்கள். கடைக்கு வந்தவர்கள் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு போய், அதில் எழுதியிருந்த பொருளை வாங்கிக் கொடுத்தார்கள். இங்கே அலங்காரமே தேவைப் பட்டியல்தான். கொடுப்பவருக்குத் தேவை தெரிகிறது; குழந்தை வந்து கூட்டத்தின் முன் நிற்க வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. வெளிநாடுகளில் சில இடங்களில் சீட்டு விற்று, குலுக்கிப் போட்டு, விழுந்தவருக்கு மரம் கொடுப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை இருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே என்று பரிசுச் சீட்டு அடித்து விற்க இறங்க வேண்டாம். ஏலம் போதும், உண்டியல் போதும்.

நாங்கள் திருத்திக்கொண்டது

இதையெல்லாம் படித்துப் பேசிய பிறகு, எங்கள் கூட்டமைப்பில் நான்கு தீர்மானம் எழுதினோம்.

ஒன்று: உதவிக்கென்று தனி விழா கிடையாது. ஆண்டுப் பொதுக்குழு எப்படியும் கூடும். அன்றே, அந்த இடத்திலேயே ஏலம்.

இரண்டு: ஏலப் பொருளைக் குழுக்கள் தங்கள் செலவில் செய்து கொண்டு வர வேண்டும். பனை ஓலைக் கூடை, ஊறுகாய், முறுக்கு, தைத்த பை, எதுவானாலும் சரி. கைவேலை நன்கொடை.

மூன்று: உதவிப் பணத்துக்கு ரொக்கப் புத்தகத்தில் தனிப் பக்கம். சேமிப்போடும் சந்தாவோடும் கலக்கக் கூடாது. வந்த பணத்துக்கு ரசீது, கொடுத்த பணத்துக்கு வவுச்சர். கூட்டம் கலைவதற்கு முன்பே வசூல் எவ்வளவு என்று உரக்கப் படித்துச் சொல்ல வேண்டும்.

நான்கு: உதவி பெறுகிறவர் பெயரை மேடையில் சொல்வதில்லை. படம் எடுப்பதில்லை. "ஒரு உறுப்பினரின் மருத்துவச் செலவுக்கு" என்று மட்டும் சொல்வோம். வேறு இரண்டு குழுக்களின் ஊக்குநர்கள் வீட்டுக்குப் போய்க் கொடுத்து, வவுச்சரில் கையெழுத்து வாங்கி வருவார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் ஏலம் விட்டோம். பதினெட்டாயிரம் வரவில்லை. ரூ.9,600தான் வந்தது. சில சகோதரிகளுக்கு முகம் சுண்டிவிட்டது. "போன தடவையில பாதிதானே வந்திருக்கு" என்றார்கள். கணக்கு எழுதும் தங்கச்சி எழுந்து படித்தாள்: "வரவு ரூ.9,600. செலவு இல்லை. உறுப்பினருக்குக் கொடுப்பது ரூ.9,600." ஒரு நிமிஷம் அமைதி. பிறகுதான் எல்லாருக்கும் புரிந்தது. வசூல் பாதி, போய்ச் சேர்ந்தது போன தடவையைவிட ரூ.2,450 அதிகம்.

அன்றைக்கு ஒரு பனை ஓலைக் கூடை நல்ல விலைக்குப் போனது. அதை முடைந்து கொண்டு வந்தது வேறு யாருமில்லை. முன்பு மேடையில் தன் பிள்ளையை நிற்க வைத்ததற்காக வருத்தப்பட்ட அதே தாய்தான். பையன் இப்போது நன்றாக நடக்கிறான்.

கூட்டத்தில் பேசிப் பார்ப்போம்

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் இந்தப் பாடத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கீழ்க்கண்ட கேள்விகளைப் பேச வையுங்கள்.

1. நம் குழு கடைசியாக யாருக்கு உதவியது? வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவு? மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.

2. மரத் திருவிழாவில் செலவை யார் ஏற்றார்கள்? நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கக்கூடிய இடம், பொருள், ஆள் உதவி என்னென்ன?

3. உதவி வாங்கும் இடத்தில் நாம் இருந்தால், எப்படிக் கொடுத்தால் மனசு நோகாது?

4. நம் குழுவில் ஒவ்வொருவர் கையிலும் என்ன தொழில் இருக்கிறது? ஏலத்துக்கு வைக்க ஒரு பொருள் செய்ய வேண்டும் என்றால் எதைச் செய்வோம்?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதாத தீர்மானம் அடுத்த மாதம் மறந்துபோகும். உங்கள் குழுவில் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று நமக்கு எழுதி அனுப்புங்கள் சகோதரிகளே. அடுத்த பாடத்தில் சந்திப்போம்.